‘விளங்கேல்லை’ பொத்தான்

பின்னேரம் கணினித் திரையைத் துடைப்பதுதான் அலுவலகத்தில் எனக்குக் கடைசி வேலை. ஐந்து மணி பேருந்துக்கு அக்கா போன பிறகு, திரையில் அவருடைய விரல் அடையாளங்கள் இருக்கும். அன்றைக்கு எந்த வரியில் தடக்கினார், எந்த வரியில் கனநேரம் நின்றார் என்று அவற்றைப் பார்த்தே சொல்லலாம். அவர் வரிக்கு வரி விரலை வைத்துத்தான் வாசிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. விளங்காத இடம் வந்தால் விரல் அங்கேயே நிற்கும். பிறகு தலையைத் திருப்பாமல் சொல்லுவார்.

“பிள்ளை, இது எனக்கு விளங்கேல்லை.”

வெளியே மழை தூறுகிறது என்று சொல்லுகிற குரல். அதில் வெட்கம் இருக்காது, எரிச்சலும் இருக்காது. அந்தச் சொல்லை அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரை நான் அதற்கு முதல் கண்டதில்லை. நான் சாவகச்சேரியில் கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். பல்கலைக்கழகத்தில் நாலு வருடமும் பாதி விரிவுரைகளுக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். விளங்கவில்லை என்று கை உயர்த்தியது ஒரு தரம்கூட இல்லை.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணத்தில் ஓர் இரும்புச்சாமான் கடையின் மேல்மாடியில் இருந்தது. நாங்கள் ஆறு பேர். கனடாவில் இருந்து திரும்பிவந்த ஒருவர் தொடங்கி நடத்தினார். எல்லோருக்கும் அவர் அண்ணை. நாங்கள் செய்தது ஒரு மென்பொருள். ஆசிரியர் ஒருவர் கணிதப் பாடம் ஒன்றை அதில் இட்டு, பிள்ளைகளின் வயது பத்து என்று தெரிவுசெய்தால், பத்து வயதுக்கு ஏற்றமாதிரி அது பாடத்தைத் திருத்தி எழுதும். நீண்ட வசனத்தை உடைக்கும். கடினமான சொல்லை மாற்றும். வயதுக்குப் பொருந்தாத உதாரணத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடும். சொல்ல இலகுவாக இருக்கிறது. தொடக்கத்தில் அது ஏழு வயதுப் பிள்ளைகளைப் பனிமனிதர்களை எண்ணச் சொன்னது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பலூன் கணக்குக் கொடுத்தது.

அக்கா அங்கே கூட்டவும் தேத்தண்ணி போடவும் வந்தவர். புத்தூரில் இருந்து காலைப் பேருந்தில் வருவார். நாற்பது வயது இருக்கும். எப்போதும் கழுத்துவரை ஊசி குத்திய சேலை, கையில் ஒரு துணிப்பை. ஒருநாள் நான் ஆறாம் ஆண்டுப் பின்னப் பாடம் ஒன்றைச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியை மேசையில் வைத்தவர் போகாமல் நின்றார்.

“உது ஆருக்கு எழுதினது?”

“ஆறாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு, அக்கா.”

“நானும் ஆறாம் ஆண்டு மட்டும்தான் படிச்சனான். எனக்கு விளங்கேல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வயதைக் குறைத்துப் போட்டேன். ‘ஒரு முழுப்பொருள் எட்டுச் சம பங்குகளாகப் பிரிக்கப்படுமாயின்’ என்று இருந்தது, ‘ஒரு ரொட்டியை எட்டுத் துண்டாக வெட்டினோம்’ என்று மாறியது.

“இப்ப?”

அவர் குனிந்து வாசித்தார். “ரொட்டியை ஏன் எட்டா வெட்டினது?”

“சும்மா, கணக்குக்கு.”

“வீட்டிலை எத்தினை பேர்?”

“அது கணக்கிலை இல்லை, அக்கா.”

“ஆக்கள் இல்லாமல் என்னத்துக்கு வெட்டுறது? ஒராள் எண்டால் பிச்சுத் தின்னலாம். வெட்டத் தேவையில்லை.”

எட்டுப் பேர் சாப்பிட இருந்தார்கள் என்று ஒரு வசனம் சேர்த்தேன். அவர் இன்னொரு தரம் வாசித்தார். “ஆ. அப்ப ஒருத்தருக்கு எட்டிலை ஒண்டு,” என்று சொல்லிவிட்டு வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணையிடம் சொன்னேன். அடுத்த கிழமையில் இருந்து மத்தியானத்துக்குப் பிறகு அக்கா என் பக்கத்து மேசையில் இருந்து பாடங்களை வாசிக்கத் தொடங்கினார்.

அதற்கு முதல் நாங்கள் பாடங்களைக் காட்டிய எல்லோரும் படித்தவர்கள். நல்லாயிருக்கு என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். அக்கா அப்படித் தந்ததே இல்லை. விளங்கும்வரைக்கும் விளங்கேல்லை என்றார். அதற்காக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொத்தான் வைத்தோம். முதலில் நான் அதில் ‘மேலதிக விளக்கம் தேவை’ என்று எழுதியிருந்தேன்.

“உப்பிடி ஆர் பிள்ளை சொல்லுவினம்?” என்று கேட்டார்.

‘விளங்கேல்லை’ என்று மாற்றினேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை, பேச்சுத்தமிழ் என்றார். ஆனால் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அந்தப் பொத்தானைத்தான் தயங்காமல் அழுத்தினார்கள்.

ஒருமுறை கல்வி அதிகாரிகள் சிலர் வந்திருந்தார்கள். அண்ணை சுவரில் படம் போட்டு அரை மணித்தியாலம் விளக்கினார். வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்து ஓர் அதிகாரி மரியாதைக்காக, “நீங்கள் என்ன சொல்லுறியள் அம்மா?” என்று கேட்டார்.

“எனக்கு விளங்கேல்லை, ஐயா,” என்றார் அக்கா.

அண்ணையின் முகம் கறுத்தது. பிறகு அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். தம்பி, முதல்லை இருந்து சொல்லும்,” என்றார். அன்றைக்குத்தான் பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது.

எப்படி எழுதினால் விளங்கும் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. “அது எனக்குத் தெரியாது. விளங்கேல்லை எண்டு மட்டும்தான் தெரியும்,” என்பார். நான் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எந்த இடம் அக்கா, இந்தச் சொல்லோ, அடுத்ததோ என்று கேட்டுக்கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கேட்கிறபோது அவர் அவசரப்படமாட்டார். யோசித்து, விரலைக் கொண்டுபோய் ஒரு சொல்லில் வைப்பார். அது பெரும்பாலும் நான் கவனிக்காமல் விட்ட சொல்லாக இருக்கும்.

பூச்சியத்துக்குக் குறைந்த எண்களில் நாலு நாள் நின்றார். மென்பொருள் நிலக்கீழ் மாடிக்குப் போகும் மின்தூக்கியைச் சொல்லிப் பார்த்தது. பனி உறையும் குளிரைச் சொல்லிப் பார்த்தது. விளங்கேல்லை, விளங்கேல்லை. ஐந்தாம் நாள் நானே பருத்தித்துறை வீதியை ஒரு கோடாகக் கீறினேன். புத்தூரைப் பூச்சியம் என்று வைத்து, பருத்தித்துறைப் பக்கம் போகும் தரிப்பிடங்களுக்குக் கூட்டல், யாழ்ப்பாணப் பக்கம் வருகிறவற்றுக்குக் கழித்தல் என்று எழுதினேன்.

“அப்ப நான் வேலைக்கு வாறது முழுக்கக் கழித்தலோ?”

“ஓம்.”

“வீட்டை போறது?”

“திரும்பப் பூச்சியத்துக்கு.”

“அது சரிதான்,” என்று சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அப்போதுதான். அந்த ஊர்களை உதாரணமாக வைத்து, எந்த ஊர்ப் பிள்ளையும் தன் ஊரைப் பூச்சியமாக வைக்கக்கூடியமாதிரி அந்தப் பாடத்தை எழுதினோம்.

அவருடைய கதை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. ஆறாம் ஆண்டு இரண்டாம் தவணையில் கணக்கு ரீச்சர் பின்னம் தொடங்கிய கிழமை, சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது இரண்டு வருடம் கழிந்திருந்தது. தகப்பனோடு வெங்காயம் நடப் போனவர் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. கட்டினவர் கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போனார். முதல் வருடம் கிழமைக்கு ஒருக்கால் கதைத்தார். பிறகு மாதத்துக்கு ஒருக்கால். பிறகு அந்த இலக்கமே வேலை செய்யவில்லை. பிள்ளைகள் இல்லை. அந்த நாட்களில் லண்டனில் இருந்த உறவினர் ஒருவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

எங்கள் மென்பொருளுக்குக் கிடைத்த பதினொரு வயதுப் பிள்ளை அவர்தான். ஆறாம் ஆண்டில் விட்ட இடத்தில் இருந்து தொடங்கி, ஏழாம் ஆண்டுப் பாடங்களை முடித்து, எட்டாம் ஆண்டுக்குள் போனார்.

எட்டாம் ஆண்டுச் சமன்பாடுகளில் எல்லாம் தாமதப்படத் தொடங்கியது. எதைக் கொடுத்தாலும் விளங்கேல்லை என்றார். நான் வசனங்களை இன்னும் சின்னதாக்கினேன். சொற்களைக் குறைத்தேன். படம் போட்டேன். தெரியாத எண்ணுக்கு ஒரு பெட்டி கீறி, பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டியைக்கூட வைத்தேன். நாளுக்கு ஒரு பக்கம்தான் நகர்ந்தது. நானும் சலிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மத்தியானங்கள் எனக்கும் பிடித்திருந்தன. அந்த நாட்களில் திரையில் விரல் அடையாளங்கள் குறைந்திருந்தன. உதடும் அசையவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பருத்தித்துறையில் இருந்து ஒரு கணித ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, குறை நினையாதேயும். ஆறாம், ஏழாம் ஆண்டுப் பாடங்கள் நல்லம். உந்த எட்டாம் ஆண்டுப் பாடத்தைப் பிள்ளையள் பாலர் வகுப்பு எண்டு சிரிக்கினம். பூனைக்குட்டியை எல்லாம் போட்டிருக்கிறீர். ஒரு பெடியன் எழும்பி, எங்களை மொக்கர் எண்டு நினைச்சவையோ ரீச்சர் எண்டு கேக்கிறான். நான் என்ன சொல்ல?”

பள்ளிக்கூட அதிபர் எங்கள் மென்பொருளை அந்தத் தவணையோடு நிறுத்தப் போகிறார் என்றும் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடம் நிறுத்தினால் வேறு ஒன்றும் எடுக்காது. அண்ணை என்னைக் கூப்பிட்டு, எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்.

எங்கள் மென்பொருள், பிள்ளை எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றது, விடைப்பெட்டியில் என்ன பதிந்தது, எதை அழித்தது என்று எல்லாவற்றையும் பதிவுசெய்யும். தயக்கம் எங்கே என்று அறிவதற்காக அப்படிச் செய்திருந்தோம். அக்காவின் பதிவுகளை நான் அதுவரை திறந்து பார்த்ததில்லை. அவர்தான் பக்கத்தில் இருந்து நேரே சொல்லுகிறாரே. வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திறந்தேன்.

‘ஓர் எண்ணின் இரு மடங்குடன் ஐந்தைக் கூட்டினால் பதினேழு. அந்த எண் எது?’ அவர் ஆறு என்று பதிந்திருந்தார். வாசித்த உடனேயே பதிந்திருந்தார். பிறகு அழித்துவிட்டு, ‘விளங்கேல்லை’ பொத்தானை அழுத்தியிருந்தார். அடுத்த பக்கத்திலும் சரியான விடை, பிறகு அழிப்பு, பிறகு பொத்தான். அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான். கடைசி இரண்டு மாதப் பக்கங்களில் ஒன்றில்கூட விடை பிழையில்லை.

குசினியில் அவர் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. திரையை மூடினேன். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை புத்தூருக்குப் போனேன். அந்த வீட்டை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். பெரிய இரும்புக் கேற், இரண்டு மாடி, சலவைக்கல் பதித்த தரை. அறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. விறாந்தையில் கதிரைகளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். மாதத்துக்கு ஒருக்கால் எல்லா அறைகளையும் திறந்து, கைத்தொலைபேசியில் படம் பிடித்து லண்டனுக்கு அனுப்ப வேண்டுமாம். அவர் புழங்கியது குசினியிலும் அதை ஒட்டிய சின்ன அறையிலும் மட்டும். குசினி மேசையில் ஒரு பழைய ஒன்பதாம் ஆண்டுக் கணிதப் புத்தகமும் ஒரு கொப்பியும் விரிந்து கிடந்தன. என்னைக் கண்டதும் அவர் அவற்றை மூடவில்லை.

“அக்கா, எட்டாம் ஆண்டுப் பாடம் உங்களுக்கு விளங்கினதுதானே?”

அவர் அடுப்பைக் குறைத்தார்.

“ஓம்.”

“எப்ப தொட்டு?”

“தைப்பொங்கலுக்குப் பிறகு எல்லாம் விளங்கினது.”

“பேந்து ஏன் விடையை அழிச்சனீங்கள்?”

“அழிச்சதும் தெரியுமோ உந்தப் பெட்டிக்கு?”

“ஓம்.”

அவர் ஒரு துணியை எடுத்து, துடைத்திருந்த கோப்பையையே திரும்பவும் துடைத்தார்.

“விளங்கினது எண்டு விடையை விட்டால் அடுத்த பாடம் வரும். நீர் உம்மடை வேலையைப் பாத்துக்கொண்டு இருப்பீர். விளங்கேல்லை எண்டு அமத்தினால் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்திலை இருப்பீர். எந்த இடம் அக்கா, எங்கை விளங்கேல்லை எண்டு கேப்பீர். என்னை ஆரும் அப்பிடி இருந்து கேட்டதில்லை, பிள்ளை.”

நான் பருத்தித்துறைப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெடியன் கேட்டதைச் சொன்னபோது அவர் கையில் இருந்த துணியை வைத்துவிட்டார்.

“மொக்கர் எண்டு நினைச்சவையோ எண்டு கேட்டவனோ?”

“ஓம்.”

“ஐயோ,” என்று மெதுவாகச் சொல்லிக் கதிரையில் இருந்தார். “நான் அந்தப் பிள்ளையளை யோசிக்கேல்லை. உது எனக்கும் உமக்கும் இடையிலை நடக்கிற அலுவல் எண்டெல்லோ இருந்தன்.”

இடியப்பமும் சொதியும் தந்தார். வீட்டில் ஒரேயொரு தட்டுத்தான் வெளியே இருந்தது. எனக்காக ஓர் அறையைத் திறந்து, பெட்டியில் இருந்து இன்னொன்றை எடுத்துவந்து கழுவினார்.

திங்கட்கிழமை அண்ணையிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் சிலவேளை நினைப்பதுண்டு. ஆனால் அந்தப் பாடங்களைத் திருத்த வேண்டும், ஏன் பிழைத்தது என்று சொல்லாமல் திருத்த முடியாது. அண்ணை கோபிக்கவில்லை. இனிமேல் பள்ளிக்கூடங்களுக்குப் போய் அந்தந்த வயதுப் பிள்ளைகளோடே சரிபார்ப்போம், அக்கா தேத்தண்ணி வேலையை மட்டும் பார்க்கட்டும் என்றார். அதை அவரிடம் சொல்லுகிற பொறுப்பு எனக்கு வந்தது.

நான் நீட்டி முழக்கித்தான் சொன்னேன். ஓர் ஆளின் விளக்கத்தை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத முடியாது, வயதுக்கு வயது வித்தியாசம், வளர்ந்த ஆள் வேறு மாதிரித்தான் யோசிப்பார் என்று சுற்றிச்சுற்றிச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“விளங்கினது, பிள்ளை,” என்றார்.

உண்மையாகவே விளங்கியதா என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். “மிச்சப் பாடங்களையும் ஒருக்கால் பாத்து முடிச்சுவிடட்டோ? ஒன்பதாம் ஆண்டு முடிய.”

அந்தக் கிழமை நான் பள்ளிக்கூடங்களில் அலைந்துகொண்டிருந்தேன். அவர் மத்தியானங்களில் தனியே இருந்து எல்லாப் பக்கங்களையும் வாசித்தார். பிறகு பதிவைத் திறந்து பார்த்தேன். எங்கும் ஒரு விடையும் அழிக்கப்படவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சரியாகவே போயிருந்தது. நாலு பக்கங்களில் மட்டும் ‘விளங்கேல்லை’ அழுத்தியிருந்தார். அடுத்த தவணை சாவகச்சேரியில் ஒரு பெண்கள் பாடசாலையில் அந்தப் பாடங்களைக் கொடுத்தபோது, அந்த நாலில் மூன்றில் வகுப்பு முழுக்க நின்றுவிட்டது. மற்றதை இரண்டு பேர் மட்டும் தாண்டினார்கள். ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள், நான் வெளியே அலைந்த நாட்களில், அவர் வேலையை விட்டிருந்தார். லண்டன்காரர் வீட்டை விற்றுவிட்டார்கள், யாரோ சொந்தக்காரரோடு போய்விட்டார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது.

பருத்தித்துறைப் பள்ளிக்கூடம் எங்களைக் கைவிடவில்லை. மென்பொருள் நல்லபடியாக வளர்ந்து, இரண்டு வருடத்தில் கொழும்பில் வேறொருவர் கைக்குப் போனது. மேல்மாடி அலுவலகத்தை மூடினார்கள். நான் சாவகச்சேரியில் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யத் தொடங்கினேன். அம்மா மத்தியானம் நித்திரை கொள்ளுவார். காலையில் இருந்து பின்னேரம்வரை நான் ஒரு சொல்லும் வாய்திறந்து கதைக்காத நாட்கள் உண்டு. எல்லாம் தட்டச்சுத்தான்.

போன மாதம் அம்மாவின் மருந்து எடுக்கச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இலக்கத்துண்டு எடுத்துக்கொண்டு இருக்க இடம் தேடியபோது, கடைசி வாங்கில் அக்கா இருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. பக்கத்தில் மிகவும் வயதான ஒரு பெண் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். அக்கா என்னைக் கண்டதும் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெறுமையான இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

“இந்த அம்மாவோடைதான் இப்ப நிக்கிறன். பிள்ளையள் எல்லாம் வெளியிலை. காது கேளாது. என்ன சொன்னாலும் ஓம் எண்டுவா.”

அந்த நாலு பக்கங்களைப் பற்றிச் சொன்னேன். “மூண்டோ?” என்று கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். மேற்கொண்டு கேட்கவில்லை. நான் அவருக்குச் செய்ததை மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் நினைத்தேன். அது வாயில் வரவில்லை.

“நீர் எப்பிடி இருக்கிறீர்?”

“நல்லா இருக்கிறன், அக்கா.”

அவர் தலையாட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நெருங்கி இருந்தார்.

“எது பிள்ளை நல்லா இல்லை?”

நான் சொல்லத் தொடங்கினேன். வீட்டைச் சொன்னேன், திரையைச் சொன்னேன், ஒரு நாள் முழுக்கக் குரல் எழும்பாமல் இருந்துவிட்டுப் பின்னேரம் பால்காரரோடு கதைக்கும்போது தொண்டை கரகரத்ததைச் சொன்னேன். மருந்துச் சாளரத்தில் அம்மாவின் இலக்கத்தை இரண்டு தரம் கூப்பிட்டார்களாம். எனக்குக் கேட்கவில்லை.